ஜார்ஜ்டவுன் ஏற்றமும் ஒரு கியர்பாக்ஸ் கூலரும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை ஜார்ஜ்டவுன் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. ஊர் இருப்பது 8,530 அடி உயரத்தில். அங்கிருந்து சுமார் 13 மைல் தள்ளி இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையின் கிழக்கு வாசல் 11,013 அடி. வழி முழுக்க ஒரே ஏற்றம் இல்லை. நடுவில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்து, சுரங்கத்தை நெருங்கும்போது மறுபடி பிடிக்கும்.

சுரங்கத்துக்குச் சற்று முன்னால், 216-ஆம் எக்ஸிட் அருகே, எங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று சொல்லும் விளக்கு எரிந்தது. ஜூலை மாதம். பின்னால் 1,500 கிலோ கேம்பர் டிரெய்லர். வண்டிக்குள் ஆறு பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஈரோட்டிலிருந்து வந்திருந்த மாமனாரும் மாமியாரும். எக்ஸிட்டில் இறங்கி ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறப்பதற்குள் மாமா மூக்கைச் சுளித்துக்கொண்டே சொன்னார், "மாப்ள, இது இஞ்சின் சூடு இல்லீங்க. ஆயில் கருகுற வாசம்."

அவர் அரசுப் போக்குவரத்துக் கழக டிப்போவில் முப்பது வருடத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய பேருந்துகள்தான் அவர் கைக்கு வந்தவை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அவர் பிரித்ததே இல்லை. ஆனாலும் அடுத்த இரண்டரை மாதத்தில் இந்த விஷயத்தில் நான் செய்த தப்புகளில் பாதியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

வண்டி 2007 மாடல் எஸ்யூவி, 4 லிட்டர் வி6, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இதே அமைப்பு பல கம்பெனி வண்டிகளில் இருக்கிறது.

சூடு எங்கிருந்து வருகிறது

மேனுவல் வண்டியில் கிளட்ச் பிடித்துவிட்டால் இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சுற்றும். ஆட்டோமேட்டிக்கில் இரண்டுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது. உள்ளே எண்ணெய். இஞ்சின் பக்க இறக்கைகள் எண்ணெயை வீசியடிக்க, கியர்பாக்ஸ் பக்க இறக்கைகள் அந்த வேகத்தில் சுற்றுகின்றன. எண்ணெய் நடுவில் இருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது; கொஞ்சம் நழுவும். நழுவும் அளவுக்குச் சக்தி முழுக்கச் சூடாகி எண்ணெயிலேயே இறங்குகிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் பிடித்து, நழுவலை நிறுத்திவிடும். ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதித்தால் அது விட்டுவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. எங்கள் பாரத்தோடு ஏற்றத்தில் மணிக்கு 95 கிலோமீட்டரில் போக இஞ்சின் கிட்டத்தட்ட 90 கிலோவாட் கொடுக்க வேண்டும். கன்வெர்ட்டர் பத்து சதவீதம் நழுவினால் 9 கிலோவாட் சூடு. நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புகள் நாலைந்தைச் சேர்த்து முழு வேகத்தில் எரியவிட்டு, அத்தனையையும் பத்து லிட்டர் எண்ணெய்க்குள் வைத்தது போல.

மலை வேறு இதைக் கூட்டுகிறது. 11,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். டர்போ இல்லாத இஞ்சினின் சக்தியும் அந்த விகிதத்தில் விழும். சக்தி விழுந்தால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிப்போம், லாக்-அப் விட்டுவிடும், நழுவல் கூடும். அந்தச் சூட்டைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய காற்றும் அதே மெலிந்த காற்றுதான்.

கம்பெனியிலிருந்து வரும்போதே கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிரவைக்க ஒரு கூலர் இருக்கத்தான் செய்கிறது. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் ஒரு சிறிய குழாய். அதற்குள் கியர்பாக்ஸ் எண்ணெய், சுற்றிலும் இஞ்சின் கூலன்ட். ஆனால் ஏற்றத்தில் கூலன்டே 95, 100 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். அதைவிடக் கீழே அது எண்ணெயை எப்படிக் கொண்டுவரும்?

முதலில் அளந்தது

வீடு திரும்பியதும் சம்ப்பின், அதாவது கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டின், டிரெயின் போல்ட்டைத் திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. ஒரு முறை வடித்தால் நாலரை லிட்டர்தான் வரும். மிச்சம் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் வடிப்பது, புது எண்ணெய் ஊற்றுவது, இரண்டு நாள் ஓட்டுவது என்று மூன்று முறை செய்தேன். மூன்றாவது முறை நிறம் தேறியது. உலோகத் துகள்களைப் பிடிக்க உள்ளே வைத்திருக்கும் காந்தத்தில் இருந்தது மாவு போன்ற கரும்பசை மட்டும், உலோகச் சில்லுகள் இல்லை. சில்லு இருந்திருந்தால் கூலர் வாங்கும் பேச்சே இல்லை, கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே கூலர் ஆர்டர் செய்திருப்பேன். மாமாதான் நிறுத்தினார். "எத்தன டிகிரி ஏறுச்சுன்னே தெரியாம எதுக்குங்க வைத்தியம்?" விளக்கு எரிந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த விளக்கு எத்தனை டிகிரியில் எரியும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலும் இல்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் ஒரு புளூடூத் அடாப்டர் வாங்கினேன். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வெப்ப சென்சாரின் அளவை அது போனில் காட்டும். ஒரு விஷயம் மனதில் இருக்க வேண்டும்: அந்த சென்சார் சம்ப்பில் தேங்கியிருக்கும் எண்ணெயை அளக்கிறது. கன்வெர்ட்டரிலிருந்து அப்போதுதான் வெளியே வரும் எண்ணெய் அதைவிடச் சூடாக இருக்கும்.

முதல் சனிக்கிழமை அதே டிரெய்லர், அதே பாரம். ஆள் குறைந்ததற்குப் பதிலாகத் தண்ணீர் கேன்களை ஏற்றினோம். கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும் டி-யிலேயே வைத்து, எப்போதும் போல 95 கிலோமீட்டரில் ஓட்டினேன். சுரங்க வாசலில் 119 டிகிரி செல்சியஸ். பார்த்த கணமே திகில்தான். சாதாரணமாக ஓட வேண்டிய அளவு 80 முதல் 95 வரை. கியர்பாக்ஸ் கடைகளின் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணை 115 டிகிரிக்கு மேல் எண்ணெய் வார்னிஷாகப் படியத் தொடங்கும் என்கிறது. ஒவ்வொரு 11 டிகிரி கூடும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பதும் அதே அட்டவணையின் கணக்கு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் அதைவிடத் தாங்கும். இருந்தாலும் 119 என்பது தூங்கவிடாத எண்.

அந்த ஓட்டத்தில் மாமா முன்சீட்டில் இருந்தார். கியர் மாறும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தவர் இறங்கியதும் சொன்னார். "வண்டி அஞ்சுக்குப் போறதும் நாலுக்கு வர்றதுமா தடுமாறுதுங்க. நாங்க திம்பத்துல அடிவாரத்துலயே கியரக் குறைச்சுடுவோம். நீங்க முன்னாடியே மூணுல போட்டுட்டுப் போய்ப் பாருங்க."

ஆட்டோமேட்டிக்கில் கியரை அதன் போக்குக்கு விடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஜார்ஜ்டவுனிலேயே மூன்றில் போட்டு, வலது லேனில் லாரிகளுக்குப் பின்னால் 72 கிலோமீட்டரில் ஏறினேன். சுரங்க வாசலில் 108.

ஒரு காசு செலவில்லாமல் 11 டிகிரி. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. யோசித்தால் காரணம் எளிது. கியரைக் குறைத்தால் இஞ்சின் வேகமாகச் சுற்றும்; அதே சக்திக்குக் கன்வெர்ட்டர் தாங்க வேண்டிய முறுக்கு விசை குறையும்; நழுவலும் குறையும். இஞ்சினோடு சுற்றும் எண்ணெய் பம்ப்பும் கூடுதலாக எண்ணெயைக் கூலருக்குத் தள்ளும். வேகம் குறைந்ததால் தேவைப்படும் சக்தியே குறைந்தது என்பதும் சேர்த்திதான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் அளவீடு போதாது.

108-ம் எனக்குப் போதவில்லை. கூலர் வாங்கினேன்.

பொருத்தியதும் தப்பாகப் பொருத்தியதும்

சந்தையில் இரண்டு வகைதான் அதிகம். ஒன்று, வளைந்து வளைந்து போகும் குழாயில் தகடு கோர்த்தது, விலை குறைவு. மற்றது, தட்டையான அறைகளை அடுக்கியது. அதே அளவில் கூடுதல் சூட்டைக் கழிக்கும், குளிரில் எண்ணெய் கெட்டியானாலும் வழி விடும். நான் வாங்கியது அடுக்கு வகை, 28 சென்டிமீட்டருக்கு 19. பெட்டியின் மேல் இத்தனை ஆயிரம் பவுண்டு வண்டிக்குத் தாங்கும் என்று போட்டிருக்கிறது. எந்த ஏற்றத்தில், எந்த வெயிலில் என்று போடவில்லை. அந்த எண்ணை நான் கணக்கில் எடுக்கவில்லை. முன்பக்கத்தில் எவ்வளவு பெரிசு உட்காருமோ அதை வாங்கினேன்.

இடம், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கு (ஏசி காஸைக் குளிரவைக்கும் தகட்டுப் பலகை) முன்னால். பெட்டிக்குள் நீளமான பிளாஸ்டிக் ஊசிகள் நாலு வந்தன. அவற்றைக் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே குத்தி, கூலரை அதோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று படம் போட்டிருந்தார்கள். பத்து நிமிட வேலை. ஆனால் வண்டி அதிர அதிர அந்த ஊசி கண்டென்சர் குழாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஓட்டை விழுந்தால் ஏசி காஸ் மொத்தமும் காலி. ஊசிகளைத் தூரப் போட்டுவிட்டு, பம்பரைக் கழற்றி, நடுவில் நிற்கும் இரும்புத் தூணில் இரண்டு அலுமினியப் பட்டைகளை போல்ட் போட்டு, கூலரைக் கண்டென்சரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினோம். குழாய் சொருகும் வாய்கள் மேல் நோக்கி இருக்கும்படி வைத்தோம், உள்ளே காற்று சிக்கி நிற்காமல் வெளியேற. அரை நாள் போனது.

அப்புறம்தான் குழாய் வேலை. எண்ணெய் கியர்பாக்ஸிலிருந்து வந்து, முதலில் ரேடியேட்டருக்குள் போய், அதன் பிறகு புதுக் கூலருக்கு வந்து, அங்கிருந்து நேராகக் கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். அதாவது திரும்பும் குழாயில்தான் கூலரைச் செருக வேண்டும். ரேடியேட்டரின் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு குழாய்கள். கீழே இருப்பதுதான் திரும்பும் குழாய் என்று முடிவு கட்டினேன். ஆதாரம் ஒன்றுமில்லை. குளிர்ந்தது கீழேதானே வரும் என்ற பள்ளிக்கூட நினைப்பு.

ரப்பர் குழாயை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் கூலருக்குக் கொண்டுபோனேன். கூலரோடு வந்த குழாயின் நீளம் போதவில்லை. பக்கத்துக் கடையில் 3/8 அங்குலப் பெட்ரோல் குழாய் வாங்கி ஒட்டுப் போட்டேன். வண்டியின் இரும்புக் குழாயோ 5/16. கிளாம்ப்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை காபியோடு வெளியே போன மாமா உள்ளே வந்து, "சிவப்பாச் சொட்டியிருக்குதுங்க" என்றார். முந்தின இரவே வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தவரும் அவர்தான். அளவு பெரிய குழாயை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கம் மடிந்து வழி விடும். அதோடு பெட்ரோல் குழாயின் ரப்பர் நூறு டிகிரிக்கு மேல் சுடும் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்று செய்ததில்லை. எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட, கியர்பாக்ஸ் கூலருக்கே உரிய குழாயைச் சரியான அளவில் வரவழைத்து, ரப்பரை அறுக்காத வழவழப்பான கிளாம்ப்புகளோடு மாட்டினேன். இரும்புக் குழாய் முனையில் ஒரு தடித்த வளையம் இருக்கும். கிளாம்ப் அதற்கு அப்பால், உள்பக்கம் உட்கார வேண்டும். சொட்டு நின்றது.

எண்ணெய் சுமார் 700 மில்லி கூடுதலாகப் பிடித்தது. இந்த வண்டியில் எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் உண்டு, ஆனால் ஒரு 10 எம்எம் போல்ட் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரன் தொடக்கூடாது என்பது போல. சூடான பிறகு, சமதளத்தில், இஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். கூடவே ஓட்டத்தையும் சோதித்தேன்: கியர்பாக்ஸுக்குத் திரும்பும் முனையைக் கழற்றி வாளியில் விட்டு, இஞ்சினை ஐடிலில் 20 விநாடி ஓடவிட்டால் ஒரு லிட்டருக்குக் கிட்ட வர வேண்டும். வந்தது. தனியாகச் செய்யும் வேலை இல்லை இது. சாவிக்கு ஓர் ஆள், வாளிக்கு ஓர் ஆள்.

மூன்றாவது சனிக்கிழமை. கூலரின் பங்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதால் மறுபடி டி-யில், 95 கிலோமீட்டர். சுரங்க வாசலில் 110. எழுபது டாலர் கூலரும் ஒரு வார உழைப்பும் சேர்ந்து 9 டிகிரி. கியரைக் குறைத்து மாமா இனாமாகக் கொடுத்ததைவிடக் குறைவு.

மாமா சிரிக்கவில்லை. "போற குழாய் எது, வர்ற குழாய் எதுன்னு பாத்தீங்களா மாப்ள?"

"பாத்தேன் மாமா."

"தொட்டுப் பாத்தீங்களா?"

தொட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் காலை குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரை ஒட்டிய இரண்டு இரும்புக் குழாய்களையும் வெப்பமானித் துப்பாக்கியால் அளந்தேன். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகக் காட்டும். அதனால் இரண்டு குழாயிலும் கறுப்பு டேப் சுற்றி அதன் மேல் அளக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முதலில் சூடேறியது கீழ்க்குழாய். அதாவது நான் கூலரை மாட்டியிருந்தது போகும் குழாயில். எண்ணெய் கூலரில் நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் நூறு டிகிரிக் கூலன்ட் இருக்கும் ரேடியேட்டருக்குள் போய் மறுபடி சூடேறித் திரும்பிக்கொண்டிருந்தது.

மாற்றி மாட்ட ஒரு மணி நேரம். நான்காவது சனிக்கிழமை, அதே டி, அதே 95: சுரங்க வாசலில் 102. அன்று வெயில் முதல் நாளைவிட நாலைந்து டிகிரி குறைவு, அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாவது சனிக்கிழமை மூன்றாவது கியர், 72 கிலோமீட்டர், கூலரும் சேர்ந்து: 93. பிள்ளைகள் அதற்குள் ஜார்ஜ்டவுன் என்றாலே காரில் ஏற மறுக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

குளிர்காலம்

இந்த விஷயத்தைப் பேசும் பலரும் கோடையோடு நிறுத்திவிடுகிறார்கள். அக்டோபரில் மாமாவும் அத்தையும் ஊர் திரும்பினார்கள். ஜனவரியில் ஒரு காலை மைனஸ் 18 டிகிரி. வீட்டிலிருந்து அலுவலகம் இருபது நிமிடம். போய்ச் சேர்ந்தபோது போனில் கியர்பாக்ஸ் எண்ணெய் 46 டிகிரி. அதற்கு முந்தின குளிர்காலத்தில் என்ன இருந்தது என்று தெரியாது, அப்போது அளக்கவில்லை. ஆனால் வித்தியாசம் ஓட்டும்போதே தெரிந்தது: கியர் மாறுவது தாமதம், லாக்-அப் பிடிக்கவே இல்லை. எண்ணெய் ஓரளவு சூடாகும்வரை கம்ப்யூட்டர் லாக்-அப்பை அனுமதிப்பதில்லை. ரேடியேட்டர் சிரமப்பட்டு ஏற்றிய சூட்டை என் கூலர் அந்தப் பனிக்காற்றில் கரைத்துக்கொண்டிருந்தது.

கூலருக்கு முன்னால் அட்டையைச் செருகி மறைக்கலாம் என்று வீடியோ காலில் மாமா சொன்னார். பழைய பேருந்துகளில் ரேடியேட்டருக்குச் சாக்குத் துணி கட்டிய அனுபவம். ஒரு வாரம் அதையும் செய்தேன். இங்கே ஒரே நாளில் காலை மைனஸ் பத்தும் மதியம் பத்தும் இருக்கும். அட்டையை யார் எடுத்து எடுத்துப் போடுவது? கடைசியில் குழாயிலேயே பொருத்தும் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கினேன். நாலு வாய்கள். எண்ணெய் 82 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பகுதியைக் கூலருக்கு அனுப்பாமல் நேராகத் திருப்பிவிடும். சூடானால் வழியைத் திறக்கும். முழுசாக அடைக்காது, சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கூலருக்கும் போய்க்கொண்டிருக்கும். அதே இருபது நிமிடப் பாதையில், மைனஸ் 15-ல், இப்போது 70-ஐத் தாண்டுகிறது. கூலர் வாங்கும்போதே இதையும் வாங்கியிருந்தால் குழாயை இரண்டாவது முறை வெட்டியிருக்க வேண்டாம்.

ரேடியேட்டரை முழுக்கத் தவிர்த்துவிட்டு எண்ணெயைக் கூலருக்கு மட்டும் அனுப்பச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்னக் குழாய் விரிசல் விட்டால் கூலன்டும் கியர்பாக்ஸ் எண்ணெயும் கலந்து ரோஸ் மில்க் போல ஆகிவிடும். கூலன்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனமும் தண்ணீரும் கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைகளின் பசையைக் கரைத்துவிடும். பெரும்பாலும் அதோடு கியர்பாக்ஸ் முடிந்தது. பனியே பெய்யாத ஊரில் இருந்தால் நானும் தவிர்த்திருப்பேன். இங்கே குளிர்காலத்தில் எண்ணெயைச் சூடேற்ற அந்த ரேடியேட்டர்தான் வேண்டும். அதனால் அதைப் பாதையிலேயே வைத்துக்கொண்டு, பயத்துக்கு வேறு வழி பார்த்தேன்: 2007-லிருந்து வண்டியிலேயே இருந்த ரேடியேட்டரை மார்ச் மாதம் மாற்றிவிட்டேன்.

பழையதை எடைக்குப் போடவில்லை. கராஜ் மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன். உள்ளே அந்தக் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று அறுத்துப் பார்க்க வேண்டுமாம். தான் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று ஈரோட்டிலிருந்து உத்தரவு.